அது நாக்கு அல்ல

ஜூலை 6

மோகனா இன்று போனில் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

"அப்பா, புது வீட்டு ஹால்ல டிவிக்கு எதுத்த செவுரு சும்மாதாங்க இருக்குது. ஆணி மட்டும் அடிச்சு வெக்கச் சொல்லிருக்கறேன். அங்க உங்க படந்தான்."

மோகனா என் ஒரே மகள். கோபியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆவணியில் அவர்களுக்குப் புதுமனை புகுவிழா. நான் வரைந்த படத்தை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. கொடுக்கிறேன் என்றபோதும் யாரும் வாங்கிக்கொண்டதில்லை.

அவள் அம்மா துளசி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "புள்ள ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே தலையாட்டிப்போடுவீங்களா? அந்தச் செவுத்துக்குச் சம்பந்தியம்மா ஏழு குதிரை வாங்கி வெச்சிருக்கறாங்களாமா" என்றாள்.

ஏழு வெள்ளைக் குதிரைகள், சூரியன் உதிக்கிற நேரத்தில் தண்ணீரில் ஓடிவருகிற படம். வாஸ்துவுக்கு நல்லதாம். ஈரோட்டில் பாதிப் பேர் வீட்டு ஹாலில் அந்தக் குதிரைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கேயும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

குதிரையோடு எனக்கென்ன போட்டி. சுவர் எவ்வளவு நீளம் என்று மட்டும் மறுபடி போன் செய்து கேட்டுக்கொண்டேன். உயரத்தைக் கேட்க மறந்துவிட்டதால் இன்னொரு தடவை செய்தேன்.

ஜூலை 13

இந்தப் படம் வரைகிற விவகாரத்தை ஆரம்பித்து வைத்ததே துளசிதான். நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று வந்த கொஞ்ச நாளில், இட்லி ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையே ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கிற ஓவிய வகுப்பில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். என்னுடன் படிப்பவர்கள் எல்லாரும் ஆறாவது தாண்டாதவர்கள். எனக்கும் அதே குட்டி பிளாஸ்டிக் நாற்காலிதான். எழும்போது நாற்காலியும் கூடவே எழுகிறது.

மிஸ் பெயர் ஷெரின். சின்னப் பெண், ஆனால் விஷயம் தெரிந்தவள். இன்று அருவ ஓவியம் பற்றிச் சொன்னாள். "இதுதான்னு சொல்ற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது அங்கிள். ஆனா பாக்கறவங்களுக்கு உள்ள ஏதாவது ஆகணும். பெயின்ட் மட்டும் இல்ல, கையில கிடைக்கறதெல்லாம் ஒட்டிப் பாருங்க. மேடு பள்ளம் வேணும். கண்ண மூடிட்டுத் தொட்டாலும் தெரியணும்."

முப்பது வருஷம் நான் செய்தது இதற்கு நேர் எதிர். சென்னியப்பன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய நூலில் முண்டும் இருக்காது, முடிச்சும் இருக்காது என்று மில்லில் பேர். இப்போது முண்டு முடிச்சைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வரும் வழியில் இரண்டு சிரட்டை, ஒரு கிழிந்த கோணிப்பை பொறுக்கிக்கொண்டு வந்தேன். பால் சொசைட்டிக்காரர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 17

அட்டையில் பெவிகாலைத் தடவி ரவையைத் தூவினேன். காய்ந்ததும் நீலம் அடித்தேன். தொட்டால் சொரசொரவென்று அருமையாக இருந்தது. சர்க்கரை டப்பாவிலிருந்தும் கொஞ்சம் சேர்த்திருந்தேன், மினுக்கத்துக்காக.

"ஏனுங்க, என்ற ரவைய எடுத்தீங்களா?"

"டெக்ஸ்சருக்கு எடுத்தேன்."

"சாயங்காலம் உப்புமாவுக்கு நான் டெக்ஸ்சரையே போட்டுக் கிண்டட்டுங்களா?"

கலைஞன் வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள்.

மாலையில் படத்தின் குறுக்கே கருப்பாக ஒரு கோடு. நான் போடாதது. ஆனால் போட வேண்டிய இடத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் ரசித்தேன். பிறகு கோடு வளைந்து சமையலறைப் பக்கம் போக ஆரம்பித்தது.

ஜூலை 18

எறும்பு மருந்து வாங்கினேன்.

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. அப்பாவுக்குச் சாமி கும்பிட்டு, மொட்டை மாடியில் காக்காய்க்குச் சோறு வைத்தோம். ஒரு காக்காயும் வரவில்லை. துளசி கைதட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். நானும் கா கா என்றேன்.

அதே மாடியில் மறுபக்கம் என் புதுப்படம் காய்ந்துகொண்டிருந்தது. அப்பளத்தை உடைத்து ஒட்டிய படம். வெடித்துப்போன குளத்து மண் மாதிரி வர வேண்டும் என்பது என் எண்ணம். வந்தும் இருந்தது. நாங்கள் இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் இரண்டு காக்காய் வந்து இறங்கிப் படத்தின் வலது மூலையைத் தின்ன ஆரம்பித்தன. நான் துண்டை வீசிக்கொண்டு ஓடினேன். துளசி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"வெரட்டாதீங்க. உங்கப்பா எடுத்துக்கறாரு. ஆடி அமாவாசையன்னிக்குக் காக்காய வெரட்டுவாங்களா யாராச்சும்?"

"அது படம், துளசி."

"அவருக்குப் புடிச்சிருக்குது. விடுங்க."

அப்பா உயிரோடு இருந்தவரை நான் செய்த எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அட்டை மட்டும் மிச்சம்.

ஆகஸ்ட் 7

மோகனா போன். குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்து அறையில் மாமியார் இருக்கிறார் போல.

"அப்பா, என்ன படம்னு அத்தை கேக்கறாங்க."

"ஒன்னுமில்லைன்னு சொல்லு கண்ணு. அருவம். ஒன்னுமில்லாம இருக்கறதுதான் அதுல விசேஷம்."

"சொன்னேங்க. ஒன்னுமில்லாத படத்த எதுக்கு ஆணியடிச்சு மாட்டோணும்னு கேக்கறாங்க."

நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"நானும் உட்டுக்குடுக்கலீங்கப்பா. எங்கப்பா கைப்பட செஞ்சது, ஹால்லதான் மாட்டோணும்னு சொல்லிப்போட்டேன். அவரு முன்னாடியே சொன்னேன். நீங்க பாட்டுக்குக் கொண்டுவராம இருந்தராதீங்க."

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவள் அந்த வீட்டில் இது வேண்டும் என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டது இதைத்தான். இனி ரவை, அப்பளம் என்று விளையாட முடியாது.

ஆகஸ்ட் 11

முடித்துவிட்டேன்.

ஆள் உயரத்துக்குப் பாதி ப்ளைவுட். அதன் மேல் சுவருக்குப் பூசுகிற பட்டி. புளியங்கொட்டையை ஊற வைத்து மிக்சியில் அரைத்துப் பசை காய்ச்சினேன். மில்லில் நூலுக்குக் கஞ்சி போட இதைத்தான் ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள் என்று துளசியிடம் விளக்கிச் சொன்னேன். மிக்சி ஜார் விரிசல் விட்டதை அவள் பெரிதுபடுத்தினாள். பசையில் பஞ்சை முக்கி முக்கிக் கொத்துக் கொத்தாக அப்பினேன். பஞ்சு அவள் தலையணையிலிருந்து எடுத்தது. அதை இன்னும் சொல்லவில்லை.

மேல்பகுதியில் அழுத்தம் வேண்டும் என்று தோன்றியது. குக்கர் மூடியை இரண்டு இடத்தில் அழுத்தி எடுத்தேன். ஆழமான இரண்டு வட்டம். நடுவில் சிரட்டைத் துண்டு. கீழே கயிற்றைப் பிரித்து நார் நாராகத் தொங்கவிட்டேன். ரெட் ஆக்சைடையும் கருப்பையும் மிச்சமிருந்த பசையில் கலந்து, பிரஷ்ஷை விட்டுவிட்டுக் கையாலேயே பூசினேன்.

பூசி முடித்துப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். பிடித்திருந்தது. வாழ்நாள் பூராவும் மற்றவர்கள் செய்ததை இழுத்துப் பார்த்து, சரியில்லை என்று திருப்பி அனுப்பியவன் நான். இது நான் செய்தது. இதைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.

ஆகஸ்ட் 12

சிலிண்டர் கொண்டுவந்த தம்பி கூடத்தில் படத்தைப் பார்த்தான். சிலிண்டரை மெதுவாக இறக்கி வைத்தான். வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி வந்தான்.

"எந்தக் கோயலுக்குங்க சார்?"

கோயிலுக்கு இல்லை, மகள் வீட்டு ஹாலுக்கு என்றேன். சிலிண்டரை இணைத்துத் தராமலே போய்விட்டான். நல்ல கலை முன்னால் மனிதனுக்குப் பேச்சு வராது என்று ஷெரின் மிஸ் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 13

"கண்ணு ரெண்டு, மூக்கு ஒன்னு, நாக்கு ஒன்னு" என்றாள் துளசி.

"அது நாக்கு அல்ல. வீழ்ச்சி."

"வீழ்ச்சி எதுக்குங்க செவப்பா வெளிய தொங்குது?"

அருவம் என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, படுக்கப் போகும்போது தன் பழைய சேலையை அதன் மேல் போர்த்தினாள். தூசி படாமல் இருக்கட்டுமாம். தூசியின் மேல் அவளுக்கு இத்தனை அக்கறை வந்தது சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 17

வகுப்புக்குப் படத்தை ஆட்டோவில் கொண்டுபோனேன். ஷெரின் மிஸ் இரண்டடி பின்னால் போனாள். பிறகு, "அங்கிள், இது ரொம்ப பவர்ஃபுல்" என்றாள். பவர்ஃபுல் என்றே சொன்னாள், இரண்டு தடவை. கூடவே, பிள்ளைகள் வகுப்பு முடிவதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட முடியுமா என்றும் கேட்டாள். முன் வரிசையில் ஒரு பெண்குழந்தை என் சட்டையை இழுத்து, "தாத்தா, இது எத்தன பேரச் சாப்புடும்?" என்றது.

அந்தக் குழந்தைக்குக் கற்பனை அதிகம்.

ஆகஸ்ட் 20

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நாரின் முன்னால் உட்கார்ந்தேன். நறுக்கிவிட்டால் பிரச்சினை இல்லை. நாலு பேர் கேள்வி கேட்க மாட்டார்கள், மோகனாவுக்கும் சங்கடம் இல்லை. ஒரு விரற்கடை மட்டும் என்று நினைத்தேன்.

நறுக்கவில்லை. நறுக்கினால் அது செத்துவிடும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 4

நாளை விழா. சீர்த்தட்டுகளோடு படத்தையும் போர்வையில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு கோபிக்கு வந்துவிட்டோம். வீடு சத்தி போகிற மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. ஹாலில் அந்தச் சுவர் வெள்ளைவெளேரென்று, நடுவில் ஒற்றை ஆணியோடு இருந்தது. மோகனா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஆணியை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

சம்பந்தியம்மா போர்வையை விலக்கினார். கையை நெஞ்சில் வைத்தபடி நின்றுவிட்டார். அந்த அம்மா எதற்கும் அசங்காத ஆள். கணவர் போன பிறகு மஞ்சள் மண்டியைத் தனியாக நின்று நடத்துகிறவர்.

"அண்ணா, இத நீங்களா செஞ்சீங்க?"

"ஆமாங்க."

"உங்க கையாலயா?"

"ஆமாங்க."

அவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, பத்திரமாகத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னார். யார் காலும் பட்டுவிடக்கூடாது என்றார். குதிரைகள் கதை முடிந்தது என்று துளசியிடம் சொன்னேன். நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

செப்டம்பர் 5

ஹாலில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

அதிகாலையில் பசுவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டேன். ஏழும் இருந்தன. ஒருவேளை பூஜைக்கப்புறம் மாற்றுவார்களோ என்று பால் பொங்குகிற வரை பொறுத்தேன். பிறகு சாப்பாட்டு அறையில் தேடினேன். மாடியில் தேடினேன். வெட்கத்தை விட்டு ஸ்டோர் ரூமிலும் எட்டிப் பார்த்தேன்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. போர்டிகோவுக்கு மேலே, ரோட்டைப் பார்த்தபடி. ஒரு பக்கம் பூசணிக்காய், மறுபக்கம் தலைகீழாகக் கற்றாழை, கருப்புக் கயிற்றில் படிகாரம். நடுவில் என் படம். திருஷ்டிக்கு மாட்டியிருக்கிறார்கள்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், "அந்தப் பூதம் எந்த ஊர்ல வாங்குனதுங்க? சுத்துப்பட்டுல இந்த மாதிரி ஒன்னு நான் பாத்ததே இல்லீங்க" என்றார். சம்பந்தியம்மா பாயசத்தோடு வந்து, "போதுங்களாண்ணா?" என்றார். போதும் என்றேன். பெண்ணைக் கொடுத்தவன் அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும். இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு நான் வேனில் ஏறிப் போய்விடுவேன், மோகனாதான் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும்.

மோகனா கை கழுவுமிடத்தில் வந்து பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. "நான் குளிச்சுப்போட்டு வர்றதுக்குள்ள மாட்டிப்போட்டாங்கப்பா. நான் கேட்டனுங்க. விசேசத்தன்னிக்கு எறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அதுக்கென்ன கண்ணு, அங்கயும் நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். இந்த வயதில், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

செப்டம்பர் 6

காலையில் இட்லியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துளசி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

செப்டம்பர் 22

வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். முட்டி வலி.

துளசி சம்பந்தியம்மாவோடு போனில் பேசினாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், காது மட்டும் அந்தப் பக்கம் இருந்தது. மோகனாவுக்கும் மாமியாருக்கும் பேச்சு குறைந்துவிட்டதாம். தண்ணீர் வேண்டுமா, சாப்பாடு போடட்டுமா, அவ்வளவுதான். மோகனா இரண்டு தடவை கேட்டும் அந்த அம்மா படத்தை இறக்க முடியாது என்றுவிட்டாராம்.

எல்லாம் நான் ஒரு படம் வரையப்போய். ஒரு காலண்டரைக் கொடுத்திருந்தால் வம்பில்லை.

அக்டோபர் 13

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கை இன்னும் சிவப்பாக இருக்கிறது.

மதியம் ஈரோட்டில் பலத்த மழை. கோபியிலும் கொட்டுகிறது என்று டிவியில் சொன்னார்கள். புளியங்கொட்டைப் பசை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். வெளியே வைக்கிற எண்ணமே இல்லாததால் மேலே வார்னிஷ் அடிக்கவில்லை. நான் சட்டையை மாட்டியபோது துளசி எங்கே என்று கேட்கவில்லை. தார்ப்பாயை மடித்துக் கையில் கொடுத்து, "அப்படியே எடுத்துட்டு வந்துருங்க. நம்மூட்லயே மாட்டிக்கலாம்" என்றாள். தலையணைப் பஞ்சை அதற்குப் பறிகொடுத்தவள் சொல்கிறாள்.

பஸ்ஸில் போகும் வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். எறக்கிக் குடுத்துருங்க, நான் கொண்டுபோயர்றேன், புள்ளையோட பழையபடி பேசுங்க. மூன்றே வாக்கியம். சண்டை போடக் கூடாது, கெஞ்சவும் கூடாது.

போய் இறங்கினால் போர்டிகோவில் படம் இல்லை. ஹாலுக்குள் நுழைந்தேன். சம்பந்தியம்மா சொட்டச் சொட்ட நனைந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். ஏழு குதிரைகளும் தரையில் சாத்தியிருந்தன. சுவரில், அந்த ஆணியில், என் படம் தொங்கியது. ஆனால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகம் சுவரைப் பார்த்தபடி.

"வாங்கண்ணா. மழை அடிக்கவும் நானே ஏணிய வெச்சு ஏறி எறக்கிப்போட்டேன். தரைல வெக்க மனசு வல்ல, யாராச்சும் மிதிச்சிருவாங்க. அதான் குதிரைய எறக்கிப்போட்டு இங்க மாட்டினேன். அது வீட்டுக்குள்ள பாக்கக் கூடாதுங்கல்ல, அதான் திருப்பி வெச்சிருக்கறேன்."

நான் ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியமும் எங்கோ போய்விட்டன.

"இந்த வயசுல மழைல ஏணி ஏறுவாங்களாம்மா?" என்றேன்.

"பின்ன? கடைல விக்கற பூத பொம்மையப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வரும். வாங்கி வெச்சிருந்தேன், திருப்பிக் குடுத்துப்போட்டேன். உங்களுதப் பாத்தன்னிக்கு நெஞ்சு திக்குனு ஆயிருச்சுங்க. அந்தக் கண்ணுக்குள்ள வெரல வெச்சுப் பாத்தேன், ஆழமாப் போகுது. ரா முச்சூடும் அதே நெனப்பு. இப்படி ஒன்னு வாசல்ல இருந்தா வர்ற கண்ணு பூரா மொதல்ல அது மேலதான் உளுகும், என்ற புள்ளைங்க மேல உளுகாதுன்னு நெனச்சேன். இவ என்னடான்னா அப்பன அவமானப்படுத்திப்போட்டேன்னு எங்கூடப் பேசறதே இல்ல."

கண் என்று அவர் சொன்னபோது நான் திருத்தவில்லை. விரலை உள்ளே வைத்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். ஷெரின் மிஸ்கூடத் தொடவில்லை.

மோகனா காபி கொண்டுவந்தாள். மாமியார் துணி மாற்றப் போனதும் கிட்ட வந்து, "அப்பா, இப்பதான் ஆணில ஏறியாச்சே. அத்தை இருக்கற இருப்புக்கு இப்பக் கேட்டா ஒத்துக்குவாங்க. திருப்பி மாட்டிரலாமுங்களா?" என்றாள்.

சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். டிவி எனக்கு முன்னால் இருந்தது. சுவர் எனக்குப் பின்னால் இருந்தது. இந்த வீட்டுக்கு வருகிறவன் எவனும் அந்தச் சுவரைப் பார்த்து உட்காரப் போவதில்லை. மூன்று மாதமாக நான் இதற்காகத்தான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்கிறேன்.

"வேண்டாம் கண்ணு. அது வெளியவே இருக்கட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு நம்பினாள்.

மழை விட்டது. நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படத்தை ஆணியிலிருந்து எடுத்தோம். எடுத்ததும் மாப்பிள்ளை, "ஐயோ" என்றார்.

புதுச் சுவரில் ரெட் ஆக்சைடு அப்படியே பதிந்திருந்தது. இரண்டு வட்டம், நடுவில் ஒரு மொத்தை, கீழே நீளமாக நார் நாராக. வெள்ளைச் சுவரிலிருந்து அது எங்கள் எல்லாரையும் பார்த்தது. நாளைக்கே ஆள் வைத்து வெள்ளையடித்துத் தருகிறேன் என்று எதை எதையோ உளறினேன். சத்தம் கேட்டு சம்பந்தியம்மா வந்தார். சுவரின் கிட்டே போய்க் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார்.

"வழவழன்னு இருக்குது. இதுல உசுரு இல்லீங்கண்ணா. இது ஒன்னும் பண்ணாது" என்றார்.

"அப்ப இருக்கட்டுங்களா அத்தை?" என்றாள் மோகனா.

சம்பந்தியம்மா யோசித்தார். குதிரைகளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "இருந்துட்டுப் போவுது. உங்கப்பா படந்தான் வரோணும்னு சொன்னயில்ல" என்று சொல்லிவிட்டு, குதிரைகளை மாடிக்கு எடுத்துப் போகச் சொன்னார். மோகனா சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த அம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். எனக்குப் படத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

மழையில் படத்தின் சிவப்பு இரண்டு வட்டங்களிலிருந்தும் கீழே வழிந்து ஓடியிருந்தது. நானே போட்டிருந்தால் இப்படி வந்திருக்காது. காய்ந்த பிறகு வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம், இப்போதைக்கு மேலே தார்ப்பாயைக் கூரை மாதிரி கட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை ஏறுகிறேன் என்றார். நான் விடவில்லை. சம்பந்தியம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே ஏறிப் படத்தை மாட்டிவிட்டுக் கீழே குனிந்து, நேராக இருக்கிறதா என்று கேட்டேன்.

சம்பந்தியம்மா ஏணியை மாப்பிள்ளை கையில் விட்டுவிட்டு நடுரோடு வரைக்கும் பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சித்த வலது பக்கம் திருப்புங்கண்ணா. சத்தி ரோட்டுல பஸ்ஸுல வர்றவங்களுக்கும் தெரியோணும்" என்றார்.